பி.எஸ்சி. நர்சிங்கா, டிப்ளமாவா?

பிளஸ் டூ முடித்துச் செவிலியர் படிப்பைத் தேடும் சென்னை மாணவிகள் பலர் இவ்விரண்டுக்கும் இடையில்தான் தயங்கி நிற்கிறார்கள். டிப்ளமாவுக்கு 3 ஆண்டுகள், பட்டத்துக்கு 4 ஆண்டுகள். பின்னதற்கு இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் படித்திருக்க வேண்டும்.

பாடத்தில் பட்டப்படிப்பின் கை ஓங்கியே இருக்கிறது. உயிர்வேதியியல், மருந்தியல் போன்றவற்றோடு ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் அதில் உண்டு (புள்ளியியலைக் கண்டு நடுங்காத மாணவியை நான் இன்னும் பார்க்கவில்லை). இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த பாடத்திட்டம் அதை 8 பருவங்களாக்கி, கடைசிப் பருவத்தை வார்டுப் பயிற்சிக்கே ஒதுக்கியது.

வார்டில் இறங்கிவிட்டால் வேறுபாடு வெகுவாகக் குறைகிறது. ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் 500 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற, நிமிடத்துக்கு 21 சொட்டு என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணுவதை இரு தரப்பினரும் ஒரே மாதிரிதான் பழகுகிறார்கள். ஆய்வகப் பொம்மையின் கையில் உடனே அகப்படும் ரத்தக்குழாய், முதிய நோயாளியின் கையில் ஊசிக்கு நழுவி ஓடும்போது எந்தச் சான்றிதழும் உதவுவதில்லை.

விரைவில் சம்பாதிக்க வேண்டிய குடும்பச் சூழலில் டிப்ளமாவைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. பிறகு 2 ஆண்டு போஸ்ட் பேசிக் படிப்பில் பட்டமும் பெறலாம். கற்பிக்கும் பணியில் நாட்டமுள்ளவர்கள் நேரே பட்டப்படிப்பில் சேர்வதே மேல்.