தீவுக்கு இணையம்: கேபிளா, செயற்கைக்கோளா, மைக்ரோவேவா?

தீவுக்கு இணையம் கொண்டுவரப் போகிறோம் என்று கூட்டம் போட்டால் முதல் கேள்வியே "எத்தனை எம்பிபிஎஸ் (Mbps, அதாவது இணைய வேகம்) கிடைக்கும்?" என்பதாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது வேறு. கடல் கொந்தளித்து ஒரு வாரமாகப் படகு வரவில்லை, அந்த நேரம் பார்த்து லைனும் போய்விட்டது, அப்போது தீவில் யார் ஏணி ஏறுவார், அவர் கையில் என்ன உதிரி இருக்கும்? இதை வைத்துப் பார்த்தால் மூன்று வழிகளின் லட்சணமும் நன்றாகவே தெரிந்துவிடும்.

கடலடி கேபிளிலிருந்து தொடங்கலாம். வேகத்தில் இதை அடிக்க எதுவும் இல்லை. தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவில் சுமார் 4,400 பேர்தான் இருக்கிறார்கள். பல வருடங்கள் செயற்கைக்கோளை மட்டும் நம்பி ஓட்டிய அந்தத் தீவுக்கு, போர்ச்சுகலிலிருந்து தென்னாப்பிரிக்கா போகும் ஈக்வியானோ கேபிளிலிருந்து ஒரு கிளை கிடைத்து, 2023 அக்டோபரில் அது பயன்பாட்டுக்கு வந்தது. பெரிய கேபிள் தன் பக்கமாகப் போகும் யோகம் எல்லாத் தீவுக்கும் வாய்க்காது. அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு பசிபிக் தீவு நாடான டோங்காவைப் பார்த்தால் போதும். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து வெளிநாட்டுக் கேபிள் அறுந்தது, அதைச் சரிசெய்யவே ஐந்து வாரம் ஆனது, வெளித் தீவுகளுக்குப் போகும் உள்நாட்டுக் கேபிளுக்கோ ஒரு வருடத்துக்கும் மேல். கேபிளைச் சரிசெய்யத் தனிக் கப்பல் வர வேண்டும், தீவில் இருப்பவர்கள் கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். ஆக, அரசு கேபிள் கொண்டுவந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு சமூகக் குழு தன் திட்டத்தை அதன்மேல் கட்டக் கூடாது.

அடுத்தது செயற்கைக்கோள். பழைய வகை சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால் பேசுவது போய்த் திரும்பவே அரை நொடிக்கு மேல் ஆகும், வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்கள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் தட்டு ஆன்டெனாவைத் திறந்த வானம் பார்த்து வைத்தால் அன்றைக்கே இணையம். இதற்கு மயங்காத ஆள் இல்லை. சிக்கல் இரண்டு. தட்டு கெட்டுப்போனால் உள்ளே திறந்து பார்க்க ஒன்றும் இல்லை, புதிது வர வேண்டும். இன்னொன்று, மின்சாரம். தட்டு சுமார் 75 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாகப் பயன்படுத்தலாம், அதாவது 600 வாட்-மணி. எட்டு மணி நேரத்தில் காலி. சோலாரை நம்பும் தீவில் ராத்திரி தாண்டாது.

மூன்றாவது, பக்கத்துத் தீவில் ஏற்கெனவே நல்ல இணையம் இருந்தால் அங்கிருந்து மைக்ரோவேவ் இணைப்பு, அதாவது இரு கோபுரங்களுக்கு நடுவே ரேடியோ அலையில் வரும் இணையம். எனக்குப் பிடித்தது இதுதான், காரணமும் சொல்கிறேன். ஒரு முனை ரேடியோ 8 வாட் அளவில்தான் எடுக்கும், மேலே சொன்ன அதே பேட்டரியில் மூன்று நாள் ஓடும். கெட்டால் ரேடியோவைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், விலையும் கட்டுப்படியாகும். இரு பக்கமும் 30 மீட்டர் கோபுரம் இருந்தால் கணக்குப்படி சுமார் 45 கிலோமீட்டர் எட்டும், நடைமுறையில் அதற்குக் குறைவாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம், ஏனென்றால் பூமியின் வளைவு நடுவழியில் கடலை மேலே தூக்கிவிடும். கொஞ்சம் கைப்பழக்கமும் வேண்டும். கடல் மேல் போகும் அலை நேராகவும் போகும், நீர்மட்டத்தில் பட்டுத் தெறித்தும் போகும், நீர்மட்டம் சில குறிப்பிட்ட அளவில் இருக்கும்போது இரண்டும் மறுமுனையில் மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நீர்மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்கும், ஓதமோ தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளி வரும், அதனால் நேற்று பத்து மணிக்குப் படுத்த இணைப்பு இன்று பத்து ஐம்பதுக்குப் படுக்கும். இந்த நேரக் கணக்கைக் கவனிக்காதவர் ரேடியோவைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பார். மீனவர்கள் இதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள், ஓதம் அவர்களுக்குத் தெரியாததா! வெவ்வேறு உயரத்தில் இரண்டு ஆன்டெனா வைப்பது ஒரு தீர்வு. ஆன்டெனாவைக் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தெறித்து வரும் அலையை நிலமே மறைக்கும்படி வைப்பது இன்னொன்று. உப்புக்காற்று தனிக் கதை. கனெக்டர் பின்களில் களிம்பு ஏறி, மேலே பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஆனால் மின்சாரம் மட்டும் ரேடியோவுக்குப் போகாது. நல்ல சீல் டேப்பும் துருப்பிடிக்காத போல்ட்டும் முதல் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும்.

சரி, ஒன்று மட்டும் போதுமா? 2023 பிப்ரவரியில் தைவானின் மாட்சு தீவுகளுக்குப் போகும் இரண்டு கேபிளும் அடுத்தடுத்து அறுந்தன. அப்போது மைக்ரோவேவ்தான் தாங்கிப் பிடித்தது, மெதுவாக என்றாலும். நான் திட்டம் போட்டால் பக்கத்துத் தீவு கண்ணுக்கு எட்டினால் மைக்ரோவேவை முதன்மையாகவும், ஒரே ஒரு செயற்கைக்கோள் தட்டை அணைத்து வைத்த மாற்று ஏற்பாடாகவும் எடுப்பேன். எட்டாத தூரத்தில் தனித்துக் கிடக்கும் தீவுக்கு வேறு வழியில்லை, செயற்கைக்கோள்தான், அதற்கு ஒன்றுக்கு இரண்டாகத் தட்டும், தாராளமாக பேட்டரியும்.

வந்த இணையத்தைப் பயன்படுத்தத் தீவு மக்களுக்குக் கொடுக்கும் பயிற்சியிலும் இரண்டு வழி. வெளியிலிருந்து பயிற்சியாளர்கள் வந்து கணினி அடிப்படை சொல்லிக்கொடுத்து, சான்றிதழும் போட்டோவும் கொடுத்துவிட்டுப் போவது ஒன்று. தீவிலேயே மூன்று நான்கு பேரைப் பிடித்து, சம்பளம் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்குவது மற்றொன்று. முதலாவது அறிக்கைக்கு நன்றாக இருக்கும். கையில் போனோடு வருகிறவருக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்து என்ன ஆகப் போகிறது? அவருக்கு வேண்டியது அரசு விண்ணப்பத்தை நிரப்புவது, மருத்துவரிடம் வீடியோவில் பேசுவது, வானிலை எச்சரிக்கை பார்ப்பது, ஓடிபி கேட்கும் மோசடிக்காரனிடம் போனை வைத்துவிடுவது. அந்த நான்கு பேரில் இருவரை ஏணி ஏறவும் பழக்குங்கள், அதில் பெண்களும் இருக்கட்டும். ஆண்கள் பலர் வேலைக்காக வெளியே போய்விடும் தீவுகள் நிறைய.

லைன் இல்லாத நாளிலும் பள்ளிக்கூடம் நடக்கும் என்பதால் கிவிக்ஸ் (இணையம் இல்லாமலே விக்கிபீடியா படிக்க உதவும் மென்பொருள்) போட்ட ஒரு ராஸ்பெரி பை என்ற கையளவு கணினியை வைத்துவிட்டால் விக்கிபீடியா வைஃபையில் கிடைக்கும். படங்களோடு ஆங்கிலப் பதிப்பே 100 ஜிபிக்குக் கொஞ்சம் மேல்தான், தமிழ்ப் பதிப்பு அதைவிட எவ்வளவோ சிறியது. இதற்கெல்லாம் பெரிய காசு இல்லை.

காசு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மானியம் கொடுப்பவர்கள் கோபுரத்துக்குக் கொடுப்பார்கள், கல்வெட்டு வைக்கலாம் அல்லவா. மாதச் சந்தாவுக்கும், பழக்கிய ஆட்களின் சம்பளத்துக்கும், அலமாரியில் கிடக்க வேண்டிய உதிரி ரேடியோவுக்கும் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். அதனால் விண்ணப்பத்திலேயே மூன்று வருடச் செலவை மொத்தமாகப் போட்டுவிடுங்கள். குறைக்கச் சொன்னால் வேகத்தைக் குறையுங்கள், உதிரியில் கை வைக்காதீர்கள்.