கார்பைடு பிளேடு: நாமே சாணை பிடிப்பதா, கடைக்கு அனுப்புவதா?

எங்கள் பட்டறையில் ஓடுவது 10 இஞ்ச் டேபிள் சா, அதாவது மேசையின் நடுவே வட்டப் பிளேடு சுற்றும் ரம்பம். வேலை பெரும்பாலும் பிளைவுட், மைக்கா ஒட்டிய பலகை, அவ்வப்போது தேக்கு. பிளைவுட்டின் பசையும் தேக்கில் இயல்பாகவே இருக்கும் சிலிக்காவும் பல்லின் நுனியில் ஒட்டியிருக்கும் மிகக் கடினமான கார்பைடு முனையையே தேய்த்துவிடும். அதனால் சாணை என்பது எங்களுக்குத் தள்ளிப்போட முடியாத செலவு. வீட்டில் டைமண்ட் வீல் (வைரத் துகள் பதித்த சாணைச் சக்கரம்) வைத்தும் பார்த்தோம், மெஷின் வைத்திருக்கும் கடைக்கு அனுப்பியும் பார்த்தோம். இப்போது 60 பல் பிளேடு கடைக்குத்தான் போகிறது. நீளவாக்கில் அறுக்கும் 24 பல் பிளேடுக்கு மட்டும் நடுவில் நாமே கொஞ்சம் கூர் போட்டுக்கொள்கிறோம்.

காசுக் கணக்கை நீட்ட வேண்டியதில்லை. கடையில் பல் கணக்கில் வாங்குவார்கள். நல்ல பிளேடாக இருந்தால், புதிது வாங்குவதைவிட அது எப்போதுமே குறைவுதான். வீட்டில் செய்தால் அதுவும் மிச்சம், பிளேடு கையை விட்டுப் போகாது. மார்பிள் கட்டரில் மாட்டும் 4 இஞ்ச் மரப் பிளேடுக்கு இரண்டுமே வேண்டாம். அதன் பல் சின்னது, விலையும் குறைவு. தேய்ந்தால் மாற்றிவிடுவதே சரி.

எந்த வழியானாலும் முதலில் பிளேடைக் கழுவுங்கள். மரப்பிசினும் பசையும் பல்லின் பக்கவாட்டில் கறுப்பாகப் படிந்துவிட்டால், கூராக இருக்கும் பிளேடுகூட மரத்தைக் கருக்கும். வெந்நீரில் சலவை சோடா கரைத்துக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, உடனே துடைத்துக் காயவைத்தால் போதும். அப்புறம் ஒரு பல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கூரான முனையில் ஒன்றும் தெரியாது. மழுங்கிய முனையில் வெள்ளிக் கம்பி போல மெல்லிய கோடு ஒன்று மினுங்கும். அந்தக் கோடு தெரிந்தால்தான் சாணை.

இனி, எங்களை முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். கார்பைடைத் தேய்ப்பது கஷ்டம் என்பதல்ல அது. டைமண்ட் வீல் கார்பைடை நன்றாகவே தேய்க்கும், ஒரு தனிப் பல்லை வீட்டிலேயே கடைக்கு ஈடாகக் கூராக்கிவிடலாம். சிக்கல் எல்லாம் 60 பல்லும் ஒரே உயரத்தில் நிற்பதில்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றுகிறது, பலகையை நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 60 பல் என்றால் நிமிடத்துக்கு 2,40,000 பல் மரத்தைத் தொடுகிறது. 3 மீட்டரை அதால் வகுத்தால், ஒரு பல்லின் பங்கு 0.0125 மி.மீ. மட்டுமே. இப்போது ஒரே ஒரு பல் மற்றவற்றைவிட 0.05 மி.மீ. உயர்ந்து நிற்கட்டும். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் பின்னால் வரும் நாலு பல்லின் வேலையையும் அந்த ஒரு பல்லே செய்துவிடும். அந்த நாலும் சும்மா சுற்றி வரும். கூடுதல் சுமை தாங்கும் அந்தப் பல் சீக்கிரம் மழுங்கும், அறுத்த முகத்தில் வரி வரியாகத் தடம் விழும், மைக்காவின் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். பிளேடைத் தொட்டுப் பார்த்தால் எல்லாப் பல்லும் கூராகவே இருக்கும்.

'நாங்கள் முன்முகத்தை மட்டும்தான் தேய்க்கிறோம், உச்சியைத் தொடுவதே இல்லை' என்பவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. முன்முகம் என்பது பல் மரத்தை எதிர்கொள்ளும் பக்கம், உச்சி என்பது பல்லின் மேல்பக்கம். பல்லின் உச்சி பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது, பொதுவாக 12 முதல் 15 டிகிரி. அதனால் முன்முகத்தில் எடுக்க எடுக்க முனை கீழே இறங்கும். 0.1 மி.மீ. எடுத்தால் உயரம் ஏறக்குறைய 0.02 மி.மீ. குறையும். ஒரு பல்லில் கை சற்று அழுந்தி 0.1 மி.மீ. கூடுதலாகப் போய்விட்டால், அந்தப் பல் தன் பங்கைவிட அதிகமாகக் கீழே போய்விட்டது, மரத்தைத் தொடாது. பென்ச் கிரைண்டரில் ஜிக் (பிளேடை ஒரே கோணத்தில் பிடிக்கும் தாங்கி) செய்து, ஒவ்வொரு பல்லாகத் தடுப்பில் நிறுத்திப் பிடித்தாலும், கை தரும் அழுத்தம் 60 தடவையும் ஒன்றாக இருப்பதில்லை. கடையில் உள்ள மெஷின் பிளேடைத் தானே பல் பல்லாக நகர்த்தி, முன்முகத்தையும் உச்சியையும் ஒரே அளவுக்குத் தேய்க்கிறது. நாம் காசு கொடுப்பது இந்தச் சமத்துக்காகத்தான்.

24 பல் பிளேடில் நிலைமை கொஞ்சம் தளர்வு. அதே வேகத்தில் ஒரு பல்லின் பங்கு 0.03 மி.மீ.க்கு மேல் வரும், சின்ன ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். அறுத்த பக்கத்தை எப்படியும் இழைக்கப் போகிறோம். அதனால் 600 கிரிட் (நைசான) டைமண்ட் தகட்டைத் தண்ணீரில் நனைத்து, முன்முகத்தில் முழுதாகப் படியவைத்து, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் சில இழுப்பு இழுக்கிறோம். உச்சியில் கை வைப்பதே இல்லை. முனை லேசாகத் தேய்ந்த நிலையில் இது நன்றாகவே பலன் தருகிறது, கடைக்கு அனுப்பும் இடைவெளி நீள்கிறது. நன்றாக மழுங்கிப் போன பிளேடை இப்படி மீட்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கார்பைடுத் துகளைப் பிணைத்து வைத்திருப்பது கோபால்ட். உலர்ந்த வீலில் தேய்க்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு அதனால் தனி நோயே வருகிறது. வீட்டுக் கூடத்திலோ குழந்தைகள் நடமாடும் இடத்திலோ இந்த வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நனைத்த தகடு என்றால் தூசி கிளம்பாது.

கடை என்றாலே எல்லாம் ஒன்று என்று எண்ண வேண்டாம். பச்சைக் கல்லில் (சிலிக்கான் கார்பைடு சாணைக் கல்) கையால் பிடித்துத் தேய்த்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கல் கார்பைடைத் தேய்க்கும்தான், ஆனால் முனையில் நுண்ணிய உதிர்வை விட்டுவிடும். உயரப் பிரச்சினையும் அப்படியே இருக்கும், அதற்கு வீட்டிலேயே செய்துவிடலாம். டைமண்ட் வீலா, கூலன்ட் (சூட்டைத் தணிக்கும் திரவம்) ஓடுகிறதா, முன்முகமும் உச்சியும் இரண்டும் பிடிப்பார்களா, உடைந்த பல்லைப் பிரேசிங் செய்து (உலோகப் பற்றாசு உருக்கி ஒட்டி) மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். பல் மாறி மாறிச் சரிந்ததா, தட்டையா என்பதையும் சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்ததும் கழிவுப் பலகையில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்து, தடம் சீராக இருந்தால் வேலைக்குப் போடலாம்.

நான் சொன்னதெல்லாம் மரம் அறுக்கும் பிளேடுக்கு. அலுமினியம் வெட்டுபவர்கள் அந்த வேலையில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அனுப்புவதைத் தள்ளிப்போடவும் கூடாது. பலகையைத் தள்ளக் கூடுதல் பலம் தேவைப்படுகிறது, ஓரம் கருகுகிறது என்றவுடனே கழற்றிவிடுங்கள். நன்றாக மழுங்கவிட்டால் கூர் வர அதிகம் தேய்க்க வேண்டியிருக்கும், அந்த அளவுக்கு பிளேடின் ஆயுளும் குறையும். பார்சல் போடும்போது இரண்டு பிளேடை ஒன்றன்மேல் ஒன்று வைக்காதீர்கள். கார்பைடு கடினம், ஆனால் இடி தாங்காது. நடுவில் கெட்டி அட்டை வைத்து, பல்லைச் சுற்றியும் அட்டை மடித்து ஒட்டி அனுப்புங்கள்.