பூக்காளானா, மெல்லிய குடையா? நம் குழம்புச் சட்டிக்கு எந்த உலர் ஷிடாகே

போன சீனப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிங்கப்பூர் சைனாடவுனில் ஓர் உலர்பொருள் கடைக்குப் போனேன். சாக்கு சாக்காகக் காளான். ஒரே பெயர்தான், விலை மட்டும் சாக்குக்குச் சாக்கு வேறு. கடைக்கார ஆன்ட்டி என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முழுசா சமைக்கப் போறியா, வெட்டிப் போடப் போறியா?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் இரண்டு வகையிலும் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிவந்து, புரட்டாசி முடியும்வரை மாற்றி மாற்றிச் சமைத்தேன். இப்போது பதில் தெரியும். நம் சமையலுக்கு மெல்லிய குடைதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விலை கூடிய பூக்காளானும் விலை குறைந்த மெல்லிய குடையும் வேறு வேறு இனம் இல்லை. இரண்டும் ஷிடாகே என்ற ஒரே காளான்தான். குளிர் காலத்தில் மெதுவாக வளர்ந்து, குடை விரியும் முன்பே பறித்தால் சதை தடித்து, ஓரம் உள்ளே சுருண்டிருக்கும். ஜப்பானில் அதை டோங்கோ என்கிறார்கள். அதே கட்டத்தில் காற்று வறண்டு, குளிரும் வெயிலும் மாறி மாறி வந்தால், மேல்தோல் வளராமல் நின்றுவிட உள்ளே சதை மட்டும் வளரும். தோல் வெடித்து வெள்ளைக் கோடுகள் பூப்போல விரியும். அதுதான் பூக்காளான், சீனத்தில் ஹுவாகு. வெப்பம் கூடும்போது வேகமாக வளர்ந்து குடை முழுக்க விரிந்தபின் பறித்தது மெல்லிசாக இருக்கும். ஜப்பானியர் அதற்குக் கோஷின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் உலர் ஷிடாகே அதிகம் விளையும் ஓய்ட்டா மாநிலத்துப் பாக்கெட்டுகளில் இந்த இரண்டு பெயரையும் பார்க்கலாம். ஆக, விலை வித்தியாசத்துக்குக் காரணம் பறித்த பருவமும் தோற்றமும்தான். விலை குறைந்தது என்பதாலேயே அது கழித்துப்போட்ட சரக்கு ஆகிவிடாது.

அழகில் பூக்காளானுக்குப் போட்டியே இல்லை. நான் வாங்கிய கடையில் அதன் விலை மற்றதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மென்று தின்னும் சுகமும் அதில்தான் அதிகம். இந்த மூன்றும் பார்த்தாலே தெரிகிற சங்கதி.

எனக்கு முடிவைத் தந்தது ஊறவைக்கும் நேரம்.

பூக்காளானைக் குளிர்ந்த நீரில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஓர் இரவு போதவில்லை. நான் வாங்கிய தடிமனுக்கு முழுதாக ஒரு நாள் ஆயிற்று. மெல்லிய குடைக்கு நாலைந்து மணி நேரம். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போட்டுவிட்டுப் போனால் மாலையில் அடுப்படிக்கு வரும்போது தயார். பூக்காளான் என்றால் நாளைக்கு என்ன சமையல் என்று இன்றைக்கே முடிவாகியிருக்க வேண்டும். வாரநாளில் எங்கள் வீட்டில் அது நடப்பதில்லை. இரண்டு தடவை பொறுமையில்லாமல் பாதி ஊறியதை எடுத்து நறுக்கினேன். ஓரம் பஞ்சாக இருந்தது, நடுவில் காம்புப் பக்கம் கட்டையாகவே நின்றது. அரை மணி நேரம் கொதித்தும் அந்த நடு இளகவில்லை.

"சுடுதண்ணியில் போட்டால் என்ன?" என்று அம்மா கேட்டார். அதையும் செய்து பார்த்தேன். சீக்கிரம் உப்பியது. ஆனால் தண்ணீரில் லேசான கசப்பு, குழம்பில் ருசி மட்டம். ஏன் என்று தேடிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இக்கேடா, கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றில் இருக்கும் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டு, அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். உலர் ஷிடாகேயின் ருசிக்கு மூலம் குவானிலேட் என்ற வேறொரு பொருள். 1950களின் கடைசியில் அதை வெளிக்கொண்டுவந்தவர் அகிரா குனினாகா. பச்சை ஷிடாகேயில் குவானிலேட் மிகக் குறைவு. காயவைக்கும்போது செல்கள் உடைகின்றன. பிறகு ஊறிச் சூடேறும்போது, சுமார் 60 முதல் 70 டிகிரியில், காளானிலேயே இருக்கும் ஒரு நொதி அதன் ரைபோநியூக்ளிக் அமிலத்தை வெட்டிக் குவானிலேட்டை உண்டாக்குகிறது. ஆனால் அதைச் சிதைக்கிற இன்னொரு நொதியும் உள்ளேயே இருக்கிறது. அது அதைவிடக் குறைந்த சூட்டில், வெதுவெதுப்பில், வேலை செய்யும். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் ருசி வருவதும் போவதும் ஒரே பாத்திரத்தில் நடக்கிறது. குளிர்ந்த நீரில் பொறுமையாக ஊறவைத்து, பிறகு அடுப்பில் ஏற்றி வெதுவெதுப்பைச் சட்டென்று தாண்டவிட்டு, அதற்குமேல் சிறுதீயில் வைப்பதே சரி.

குளிர்பதனப் பெட்டியில் ஊறவைக்கச் சொல்வதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை. நம் வெப்பத்தில் எந்த உலர் காளானையும் அடுப்பு மேடையில் இரவெல்லாம் ஊறவிடக் கூடாது. மரக்காதுக் காளானை நாள்கணக்கில் வெளியே ஊறவைத்துச் சாப்பிட்டுச் சீனாவில் பலர் நச்சுக்கு ஆளாகியிருக்கிறார்கள். அப்படி ஊறும்போது வளரும் ஒரு கிருமி விடும் பாங்க்ரெக்கிக் அமிலம் என்ற நச்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. ஒரு நாள் முழுக்க ஊற வேண்டிய தடித்த காளானுக்குப் பெட்டியில் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும். எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுச் சின்னப் பெட்டியில் அதுவும் ஒரு கணக்கு.

குனினாகா கண்ட இன்னொன்று நமக்கு இன்னும் உதவும். குவானிலேட்டும் குளூட்டமேட்டும் சேர்ந்தால் உமாமி தனித்தனி ருசிகளின் கூட்டலைவிடப் பல மடங்கு கூடுகிறது. நன்றாகப் பழுத்த தக்காளியில் குளூட்டமேட் தாராளம். நாம் ரசம் வைக்கிறவர்கள்!

15 கிராம் மெல்லிய குடைக்கு இரண்டு கப் தண்ணீர் என்று ஊறவைத்து, அந்தத் தண்ணீரிலேயே தக்காளி ரசம் வைத்தேன். புளியைப் பாதியாகக் குறைத்தேன், பருப்புத் தண்ணீரே சேர்க்கவில்லை. மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி எல்லாம் வழக்கம்போல. பொதுவாக நண்டு ரசத்தில் மட்டும் தெரிகிற ஓர் அடிக்கனம் இதில் இருந்தது. புரட்டாசியில் நாக்கு மீன் குழம்புக்கு ஏங்குகிற வீடு எங்களுடையது. அன்று யாரும் ஏங்கவில்லை. பூக்காளான் தண்ணீரிலும் அதே அளவு போட்டு வைத்துப் பார்த்தேன். வாசம் சற்று மென்மை, ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பாக்கெட்தான் என் அனுபவம், எல்லாச் சரக்குக்கும் இதைப் பொதுவாக்க மாட்டேன். ஆனால் தண்ணீருக்காக வாங்குகிறவர் பூவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று எனக்கு உறுதியாகப் படுகிறது.

ஒரு எச்சரிக்கை, பெருங்காயத்தைப் பற்றி. உலர் ஷிடாகேயின் தனி வாசம் லென்தியோனின் என்ற கந்தகச் சேர்மத்தால் வருவது. பெருங்காய வாசமும் கந்தகச் சேர்மங்களால்தான். இரண்டையும் தாராளமாகப் போட்டால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கனத்த நெடி அடிக்கிறது. நான் பெருங்காயத்தை அறவே விட்டுவிட்டேன். முதல் நாள் பாக்கெட்டைத் திறந்ததும் அம்மா மூக்கைச் சுளித்து, "என்னடி இது, கருவாட்டு வாசம்?" என்றார். அந்த நெடி வதக்கும்போது அடங்கிவிடுகிறது. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு நாலு நிமிடம் வதக்கிவிட்டுப் பிறகு மசாலா போடுங்கள்.

பூக்காளான் எங்கே ஜெயிக்கிறது? முழுதாகத் தட்டில் வைக்கிற இடத்தில். சீன வீடுகளில் புத்தாண்டு விருந்துக்கு அதை முழுசாகச் சுண்டவைத்துக் கீரைமேல் அடுக்குகிறார்கள். அங்கே அந்தத் தடிப்புக்கும் வெடிப்புக்கும் அர்த்தம் இருக்கிறது. நம் சமையலில் அதற்கு ஈடாக எனக்குத் தோன்றியது பிரியாணி மட்டும். இரண்டாக வெட்டி, தயிர் மசாலாவில் புரட்டித் தம் போட்டபோது கறித்துண்டுபோல் பல்லுக்குப் பிடி கொடுத்தது. வருடத்துக்கு இரண்டு விருந்து என்றால் வாங்கலாம். குழம்பு, கூட்டு, வறுவல், நூடுல்ஸ் என்று நறுக்கிப் போடும் வாரநாள் சமையலுக்கு மெல்லியது மசாலாவைச் சீக்கிரம் உறிஞ்சுகிறது, தடித்தது உள்ளே சப்பென்றே இருக்கிறது.

மற்ற உலர் காளான்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கோயம்புத்தூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த உலர் சிப்பிக் காளான் அரை மணி நேரத்தில் ஊறிவிட்டது, மிளகு வறுவலுக்கு நன்றாக இருந்தது. அதன் தண்ணீரில் ரசம் வைக்கும் அளவுக்குச் சாரம் இல்லை. இத்தாலியப் போர்ச்சினியை இரண்டு முறைதான் சமைத்தேன். அருமையான வாசம், ஆனால் நம் மசாலாவுக்குள் அது காணாமல் போயிற்று.

வாங்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான். பாக்கெட்டைக் கவிழ்த்து குடையின் அடிப்பக்க மடிப்புகளைப் பார்ப்பேன். வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது, கருத்துப்போயிருந்தால் பழசு, அல்லது காயவைக்கும்போது தீய்ந்தது. உலுக்கினால் சலசலவென்று சத்தம் வர வேண்டும். ஓரத்தை ஒடித்தால் முறிய வேண்டும், வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அடியில் தூளும் துளையும் தெரிந்தால் பூச்சி. நீளமான காம்பு இருந்தால் எடைக்குக் காம்பை வாங்குகிறோம். தடித்த காளானில் உள்ளீரம் நிற்கலாம் என்பதால் அதைச் சேமிப்பதில் கூடுதல் கவனம் வேண்டும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் திறந்த பாக்கெட் இரண்டு வாரத்தில் தளர்ந்துவிட்டது. இப்போது எதுவானாலும் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டிக்குள்தான்.

ஊறிய காளான் மெத்தென்று இருக்கிறதே என்று அப்படியே சாலட்டில் போட்டுவிடாதீர்கள். சரியாக வேகாத ஷிடாகே சிலருக்கு உடம்பில் சாட்டையால் அடித்ததுபோல் சிவந்த கோடுகளை வரவழைக்கும். 1977இல் ஜப்பானில் முதலில் பதிவான இந்தத் தோல் பாதிப்புக்குக் காளானில் உள்ள லென்டினான் என்ற பொருள் காரணம் என்று கருதுகிறார்கள். நன்றாக வேகவைத்தால் அந்தப் பயம் வெகுவாகக் குறையும்.

ஊறிய தண்ணீரின் கடைசி இரண்டு கரண்டியில் மண் தங்கும், அதை மட்டும் கொட்டிவிடுங்கள். காம்புகளைத் தூக்கிப்போடாதீர்கள். ஊறவைக்கும் முன்பே ஒடித்துத் தனியாகச் சேர்த்துவைத்து, ஒரு கைப்பிடி ஆனதும் வெறும் வாணலியில் வறுத்து, உளுந்து, காய்ந்த மிளகாய், உப்போடு மிக்ஸியில் பொடிக்கிறேன். சூடான சோற்றில் நல்லெண்ணெயோடு பிசைய அது போதும். கருவாட்டு வாசம் என்று சொன்ன அம்மாதான் இப்போது பொடி தீர்ந்ததும் முதலில் கேட்கிறார்.