விலைச் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த தேதி

ஹூஸ்டன் பக்கம் வீட்டில் பீர் காய்ச்சும் நண்பர்களே, திரவ ஈஸ்ட் வாங்கும்போது தயாரிப்புத் தேதியைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நான் வாடிக்கையாகப் போகும் கடையில், "இந்த வாரம் வந்த சரக்கு" என்று சொல்லி லாகர் (குளிரில் மெதுவாகப் புளிக்கும் பீர் வகை) ஈஸ்ட் பொட்டலம் ஒன்றை முழு விலைக்குத் தந்தார்கள். உள்ளேயிருக்கும் சத்துப் பையை அழுத்தி உடைத்தால் சில மணி நேரத்தில் பொட்டலம் புடைத்து எழ வேண்டும். இதுவோ வோர்ட் (முளைகட்டிய தானியமான மால்ட்டின் இனிப்புச் சாறு) காய்ச்சி ஆறிய பிறகும் தட்டையாகவே கிடந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த கடையின் விலைச் சீட்டை உரித்தேன். அடியில் தேதி. எட்டு மாதப் பழசு! வேறு ஈஸ்ட் கையில் இல்லாததால் அதையே கலந்தேன். நாட்கணக்கில், வாயு வெளியேறும் மூடியான ஏர்லாக்கில் ஒரு குமிழி இல்லை. பிறகு புளித்த வாடை. 20 லிட்டரும் சாக்கடைக்குப் போனது.

கேட்டால், "உயிருள்ள பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். உயிருள்ள பொருள் என்பதால்தானே தேதியை மறைக்கக் கூடாது?

பழைய ஈஸ்ட் குப்பை அல்ல. என் கோபமே அதில்தான். 1 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தாலும் செல்கள் மாதாமாதம் செத்துக்கொண்டுதான் இருக்கும். சற்று வெப்பத்தில் புளிக்கும் ஏல் பீரை விட லாகருக்கு ஏறக்குறைய இரு மடங்கு செல்கள் தேவை. வயது தெரிந்திருந்தால் ஒரு வாரம் முன்பே ஸ்டார்ட்டர் (ஈஸ்ட்டைப் பெருக்கும் சிறு ஊட்டக் கரைசல்) போட்டுத் தேற்றியிருக்கலாம். அரை லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உலர் மால்ட் சாறு கலந்து, கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட்டை ஊற்றி அடிக்கடி குலுக்க வேண்டும். சோர்ந்த ஈஸ்ட்டுக்கு முதலில் இப்படி நீர்த்த உணவுதான் தாங்கும். அடியில் வெள்ளையாகப் படிந்தால், மேல்நீரை வடித்துவிட்டு, 2 லிட்டருக்கு 200 கிராம் என்ற கணக்கில் அடுத்த சுற்று. ரொட்டி மணம் வந்தால் நல்லது. ரப்பர் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், பனித்துகள் செல்களைக் கிழித்துவிடும்.

கடையிலேயே சீட்டை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதம் கடந்திருந்தால் பாதி விலைக்குக் கேளுங்கள், அல்லது வைத்துவிட்டு வாருங்கள். அந்தக் கடையில் மால்ட்டும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களும் இன்றும் தரமாகத்தான் இருக்கின்றன. ஈஸ்ட்டை மட்டும் நான் இனி வேறிடத்தில்தான் வாங்குவேன்.