பழைய வின்செஸ்டர் 1894-க்கு மார்பிள் செமி பக்ஹார்ன் சைட்

நூறு வயது தாண்டிய வின்செஸ்டர் 1894 ரைஃபிள்களில் பின் சைட்டை, அதாவது குறிபார்க்கும் பின் தகட்டை, தூக்கி நிறுத்தும் படிப்படியான ஆப்பு, அதாவது எலிவேட்டர், தொலைந்திருப்பது சகஜம். மாற்று தேடினால் முதலில் கிடைப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் மார்பிள் நிறுவனத்தின் செமி பக்ஹார்ன், அதாவது இரு ஓரமும் சற்றே கொம்புபோல வளைந்து எழும்பும் பின் சைட். சுடுவதற்கென்றால் தாராளமாக வாங்கலாம். காட்சிக்கு வைக்கும் துப்பாக்கிக்கு வேண்டாம். பழைய இரும்பின் மங்கலுக்குப் பக்கத்தில் புதுக் கருநீலப் பூச்சு உடனே கண்ணில் குத்தும். அதற்கு அந்தக் காலத்து அசல் சைட்டைத்தான் தேட வேண்டும்.

வாங்குமுன் கையிலிருப்பது ரைஃபிளா, குட்டையான குழல் கொண்ட கார்பைனா என்று பாருங்கள். ரைஃபிளில் முன் சைட்டும் பின் சைட்டும் டவ்டெயில் பள்ளத்தில், அதாவது அடி அகன்று வாய் குறுகிய குறுக்குப் பள்ளத்தில், உட்காரும். கார்பைனில் முன் தகடு குழலோடு ஒட்டிய அடித்தளத்தில் ஊசியால் பூட்டப்பட்டிருக்கும். ரைஃபிள் சைட் அங்கே பொருந்தாது.

பள்ளத்தின் பெயரளவு அகலம் 3/8 அங்குலம். ஆனால் பழைய குழல்களில் ஒவ்வொன்றும் சற்று வேறுபடும். புது சைட் இறுக்கமாக இருந்தால் அரம் போட வேண்டியது சைட்டின் அடியில். குழலில் ஒருபோதும் போடாதீர்கள், பள்ளம் பெரிதானால் திரும்ப வராது. முக்கோண அரத்தின் ஒரு பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டால், சரிவான ஓரத்தைத் தொடாமல் அடிப்பகுதியை மட்டும் சீவலாம். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கட்டைவிரல் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனால் போதும். மீதியைப் பித்தளைத் தண்டு வைத்துச் சுத்தியலால் தட்டி ஏற்றலாம். துப்பாக்கி காலியா என்று சோதித்துவிட்டு, பின்புறமிருந்து பார்க்கையில் பழையதை இடமிருந்து வலமாகத் தட்டிக் கழற்றி, புதியதை வலமிருந்து இடமாக ஏற்றுவது வழக்கம்.

முன் மணியின், அதாவது நுனியில் சிறு மணி உள்ள முன் சைட்டின், உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சந்தையில் பல உயரங்களில் கிடைக்கும். குண்டு விலகிய அங்குலத்தை இரு சைட்டுகளுக்கு இடையிலான நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுங்கள். மூன்றும் அங்குலத்தில் இருக்க வேண்டும். 50 கெஜத்தில் 3 அங்குலம் மேலே விழுகிறது, இடைவெளி 20 அங்குலம் என்றால் 3 × 20 ÷ 1800, அதாவது 0.033. குண்டு மேலே போவதால் அந்த அளவு உயரமான மணி வேண்டும். எலிவேட்டரை நடுப்படியில் வைத்துச் சுட்டுப் பார்த்த பிறகே மணியை வாங்குங்கள். அப்போதுதான் பிறகு ஏற்றவும் இறக்கவும் இடம் இருக்கும்.

பின் சைட் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறவர்களுக்கு கண்ணுக்கு அருகே நின்று சிறு துளை வழியே பார்க்கவைக்கும் டாங் சைட் நல்ல வழி. கைப்பிடிக்கு மேலுள்ள இரும்பு நாக்கில், அதாவது டாங்கில், அதைப் பொருத்தும் திருகுத் துளை ஏற்கெனவே இருந்தால் மட்டும் போடுங்கள். புதிதாகத் துளையிட்டால் துப்பாக்கியின் மதிப்பு போய்விடும். டாங் சைட் போட்டால் குழலிலுள்ள பின் சைட் பார்வையை மறைக்கும். அதைக் கழற்றி, பள்ளத்தைத் தட்டையான நிரப்புத் துண்டால் மூடிவிடுங்கள்.