மண்ணீரல்: பெயர் ஒன்று, வேலை வேறு

சாப்பிட்டதும் வயிறு உப்புசம், உடம்பெல்லாம் அசதி. சீன வைத்தியர் முதலில் நாக்கை நீட்டச் சொல்வார். ஓரத்தில் பல் பதிந்த தடம் தெரிந்தால், மண்ணீரல் பலவீனம் என்பார். சீன மொழியில் அதன் பெயர் 'பி'. அவர் சொல்லும் 'பி', உண்டதைச் சத்தாக மாற்றும். ரத்தம் குழாயை விட்டுக் கசியாமல் பிடித்துவைக்கும். ஓயாத யோசனையால் நலியும். ஐந்து மூலகங்களில் அது மண். (நம் சொல்லிலும் மண் இருப்பது வேடிக்கைதான்.) உறுப்பு என்பதைவிட ஒரு வேலையின் பெயர் என்றே எனக்குப் படுகிறது.

அலோபதியில் அது இடது விலாவுக்கு அடியில் இருக்கும், சுமார் 150 கிராம் வடிகட்டி. ஏறத்தாழ 120 நாள் ஓடிக் களைத்த சிவப்பணுக்களைக் கழிக்கும், கிருமிகளை எதிர்க்கும். செரிமானத்தில் பங்கில்லை. விபத்தில் மோசமாகக் கிழிந்தால் அகற்றிவிட்டு, தடுப்பூசி போடுவார்கள். சோறு வழக்கம்போலச் செரிக்கும்.