சர்க்கரை மாத்திரையை மாற்றிக் கொடுத்த மருந்துக்கடை: அம்மாவுக்கு நடந்தது

வட சென்னையில் தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு முக்கியமாக. வீட்டில் யாராவது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் அந்த அட்டையை இப்போதே எடுத்து, டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. டாக்டர் எழுதியது மெட்ஃபார்மின் 500, காலையும் இரவும் சாப்பாட்டோடு. விரதம், கோயில் என்று நேரத்துக்குச் சாப்பிடாதவர் என்பதால் வேறு மாத்திரை எதுவும் சேர்க்கவில்லை. வழக்கமான கடையில் ஸ்டாக் இல்லாததால் பக்கத்துத் தெருவில் ஒரு மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்கியிருக்கிறார். கவுன்டரில் ஒரு பையன்தான். "அதே மாத்திரைதாம்மா, கம்பெனிகூட மாறல" என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். பில்லும் இல்லை.

கம்பெனி மாறவில்லைதான். ஆனால் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும் கூடியிருந்தது. பளபளக்கும் அட்டையில், சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிற பொடி எழுத்தில், மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு 2 மி.கி. என்று போட்டிருந்தது. வயதானவர் கண்ணுக்கு அது எங்கே தெரியும்?

கிளிமிபிரைடும் சர்க்கரைக்கான மருந்துதான். கெட்ட மருந்து இல்லை, எத்தனையோ பேருக்குத் தேவையான மருந்து. ஆனால் மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படி இல்லை. நாம் சாப்பிட்டோமோ இல்லையோ, கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும்.

சில நாளாகவே அம்மாவுக்கு வியர்வையும் கை நடுக்கமும் இருந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பௌர்ணமி அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு என்னோடு வந்தார். வரிசையில் நிற்கும்போதே ஜாக்கெட் முழுக்க நனைந்துவிட்டது. கையைப் பிடித்தால் சில்லென்று இருக்கிறது. என் முகத்தைப் பார்த்து "யாரு நீ, என் பொண்ணு எங்க?" என்று கேட்டார். பி.பி. என்றார்கள், பக்கவாதம் என்றார்கள். பூக்கடை அக்கா ஒருவர்தான் "சுகர் இறங்கிருக்கும், சக்கரத் தண்ணி குடு" என்று கரைத்துக் கொண்டுவந்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும். பக்கத்து கிளினிக்கில் பார்த்தபோது, சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகும் சர்க்கரை அளவு 52தான்.

தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மதியம் மறுபடியும் இறங்கியது. ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் ஏற்றி, இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள். இந்த மருந்தின் வேலை ஒரு நாள் வரை நீடிக்கும், ஒரு தடவை தெளிந்ததை நம்பி விட்டுவிடக் கூடாது என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து மாற்றத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

அப்புறம் கடையில் போய்க் கேட்டேன். "எல்லாம் சுகர் மாத்திரைதானே மேடம்" என்றார் கடைக்காரர். இல்லை என்று திருப்பி அனுப்ப மனமில்லாமல் கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார்கள், வேறென்ன? சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாகக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வேறொன்றைக் கொடுக்கக் கூடாது. மருந்தாளுநர் மேற்பார்வை இல்லாமல் கொடுப்பதும் தப்பு. அட்டையையும் சீட்டின் நகலையும் வைத்து மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால், அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்று நிரூபிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. பில்லையும், பேட்ச் எண் உள்ள அட்டையையும் மாத்திரை தீரும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் திரும்பக் கொடுங்கள். ஏறியதும் சாப்பிட வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை மாறியிருப்பது தெரிந்தால் சர்க்கரைக்கு மருந்து எடுப்பதையே நிறுத்திவிடாமல், அட்டையோடு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அந்தக் கடை இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது.